மகளின் வெளிப்பெயர்

ரங்கூனின் கியாக்டடா பேட்டையில், சூலே பகோடாவுக்குப் பின்பக்கத்துத் தெரு ஒன்றில், மூன்றாம் மாடியிலிருந்து ஒரு கயிறு தொங்கும். எல்லா மாடியிலிருந்தும்தான் தொங்கும். ரங்கூனில் கயிறு இல்லாத மாடி ஏது? ஆனால் இந்தக் கயிற்றை இழுக்கிற கைகள் அத்தனையும் பெண் கைகள். இழுத்தால் மேலே மணி அடிக்கும். நூர் பீவி பால்கனியில் தலையை நீட்டி, வந்திருப்பது யார் என்று பார்த்துவிட்டு, கீழ்க்கதவின் சாவியை அதே கயிற்றில் மாட்டி இறக்குவாள். ஆம்பிளை யாராவது விளையாட்டுக்கு இழுத்துவிட்டால் போச்சு. தமிழும் பர்மாவும் கலந்த நல்ல வசவு அன்றைக்குத் தெருவுக்கே கிடைக்கும்.

நூர் பீவியின் தொழில் முகம். நூல் போட்டுப் புருவம் திருத்துவாள், மேலுதட்டு மயிர் எடுப்பாள், கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்வாள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் அந்த வேலையைச் செய்ய முடியும். பல்லில் நூல் இருக்கும்வரை பேச முடியாது. இந்தத் தொழிலில் அவளுக்கு இருந்த ஒரே கஷ்டம் அதுதான்.

அறைக்கு நடுவில் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் நாற்காலி, தண்ணீர்ப் பானை, செருப்பு. அந்தப் பக்கம் போனால்தான் முக்காட்டையோ, முகத்தை மூடுகிற நிகாபையோ எடுப்பார்கள். எடுக்கத் தயங்குகிறவளின் தாடையில் ஒரு விரலை வைத்து, "முகத்தைத் தா தாயி" என்பாள் நூர் பீவி. பர்மாக்காரியோ, செட்டியார் வீட்டுப் பெண்ணோ, வெளியே கண் மட்டும் தெரிகிற மௌலவி வீட்டு மருமகளோ, எல்லாருக்கும் அதே வார்த்தைதான். புருஷன்மார்கூட நின்று நிதானமாகப் பார்த்திராத முகங்களை அவள் விரலுக்கு அடியில் வைத்துப் பார்த்தவள். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சநஞ்சமில்லை.

துறைமுகத்தை ஒட்டிய அலோன் பேட்டையில் பிறந்தவள். வாப்பா துறைமுகத்தில் மூட்டை எண்ணிக் குறிக்கிற வேலை பார்த்தவர். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்றைக்கு, ஊர் வழக்கப்படி, அவளுக்கு ஒரு பர்மாப் பெயரும் வைத்தார்: கின் சோ. ரங்கூன் முஸ்லிம் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயமே இல்லை. வீட்டில் ஒரு பெயர், வெளியில் ஒரு பெயர். வாத்தியார், போலீஸ், அடையாள அட்டை, கரண்ட் ஆபீஸ் எல்லாருக்கும் கின் சோ. பெற்றவர்களுக்கும் பள்ளிவாசலுக்கும் படைத்தவனுக்கும் நூர் பீவி. மழைக்குப் பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக்கொண்டு போகிற மாதிரி வெளிப்பெயரை மாட்டிக்கொண்டு போய், வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுவார்கள். யாரும் அதைத் தன்னுடைய பெயர் என்று நினைத்ததில்லை.

மருந்துக் கடையில் வேலை பார்த்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டாள். ஒரே பிள்ளை, பெண். உள்ளுக்கு மிஸ்பா, வெளிக்கு சூ சூ வின். கொரோனாவில் ஆக்சிஜனுக்கு ஊரே அலைந்த அந்த ஜூலை மாதத்தில் புருஷன் போய்ச் சேர்ந்தார். சிலிண்டருக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தவளுக்குத்தான் கடைசியில் சேதி வந்தது. அதற்குப் பிறகு அவளுக்கென்று இருந்தது அந்தக் கயிறும், வெள்ளிக்கிழமையும்.

வெள்ளிக்கிழமை ஏனென்றால், அன்றைக்குத்தான் மிஸ்பா கூப்பிடுவாள். டென்மார்க்கிலிருந்து.

மிஸ்பாவைக் கட்டிய ஆபித் ரங்கூன் பையன்தான். சின்ன வயதிலேயே அவனுடைய பெரியம்மா அங்கே கூட்டிப் போய்விட்டாள். பஸ் ஓட்டுகிறான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை. நிக்காஹுக்கு மகளை அலங்கரித்தது நூர் பீவியேதான். கன்னத்தில் தனாக்காப் பட்டைச் சாந்தை இலை மாதிரி எழுதி, அதன்மேல் லேசாக ரோஸ் நிறம் தடவி, புருவத்தை நூலால் வில்லாக வளைத்து, உதட்டுக்கு மாதுளை நிறம் பூசி... அவள் கை செய்த வேலையிலேயே அதற்கு மேல் ஒன்று இல்லை. அந்தக் கோலத்தில் எடுத்த படத்தைப் பெரிதாக்கித் திரைக்கு அந்தப் பக்கத்துச் சுவரில் மாட்டி வைத்திருந்தாள். கல்யாணப் பெண்கள் அதைக் காட்டி, "எனக்கும் இதே மாதிரி" என்பார்கள். "மூஞ்சி வேணுமே தாயி, நூல் மட்டும் பத்துமா?" என்பாள் நூர் பீவி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இவளுடைய குஞ்சோ நிஜமாகவே பொன்னாக இருந்து தொலைத்தது.

டென்மார்க் போய் இரண்டு வருடம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மிஸ்பா சொன்னாள்: "உம்மா, நான் நிகாப் போட ஆரம்பிச்சிருக்கேன்."

நூர் பீவிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "அடி கிறுக்கி, குளிருக்கா?"

"இல்லம்மா. நெசமாத்தான்."

"ஆபித் சொன்னானா? போனை அவங்கிட்ட குடு. அவன் தோலை உரிக்கறேன்."

"அவருக்கே புடிக்கல உம்மா. வேணாம் வேணாம்னுதான் சொல்றாரு. நானாப் போட்டேன்."

"ஏன்டி? நம்ம வீட்ல எவ போட்டா? ஒன் உம்மா போட்டேனா? என் உம்மா போட்டாளா? ஒரு முக்காடு, இடுப்புல ஒரு தமெய்ன், அதோட இத்தனை வருசமும் தீன்ல, தொழுகைல குறையா வச்சோம்?"

மிஸ்பா சொன்னாள்: "ரங்கூன்ல வெளிய சூ சூ வின், உள்ள மிஸ்பா. இங்க வந்தும் அதே கதைதானா? இதைப் போட்டுக்கிட்டா நான் யாருன்னு யாரும் என்னைக் கேக்க வேணாம் உம்மா. வெளியவும் நான் ஒருத்திதான்."

நூர் பீவிக்கு அது புரியவில்லை. புரியாததை ஒத்துக்கொள்ளும் பழக்கமும் அவளுக்கு இல்லை. ஆனால் ஒன்று: அந்த வெள்ளிக்கிழமையும் சரி, அடுத்து வந்த வெள்ளிக்கிழமைகளும் சரி, மிஸ்பா வீட்டுக்குள் முகத்தைத் திறந்துகொண்டுதான் பேசினாள். தாய் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து மகளின் முகத்தைத் தேய்த்த பாத்திரத்தைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "இடது புருவத்துல ரெண்டு மயிரு தனியா நிக்குது, எவடி ஒனக்கு நூல் போட்டா?" என்பாள். அந்த அரை மணி நேரம் கிடைக்கிறவரை அவள் தெருவில் எதைப் போட்டுக்கொண்டு போனால் என்ன என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

அந்த நாட்டில் பொது இடத்தில் முகத்தை மூடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, மீறினால் அபராதம். கொரோனா வந்தபோது எல்லாரும் முகக்கவசம் போட வேண்டும் என்று அதே சர்க்கார்தான் உத்தரவு போட்டது. கொரோனா போன பிறகும் மிஸ்பா அந்த நீலத் துணியை விடவில்லை. பஸ்ஸில் போகும்போது அதை மாட்டிக்கொண்டு, யாராவது கேட்டால் சளி என்பாள். "வருசம் பூரா சளி புடிச்ச ஒரே ஆளு என் மகதான்" என்று நூர் பீவி கடையில் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்புக்குள்ளே ஒரு பயமும் இருந்தது.

கடையில் இதை வைத்து நடக்காத சண்டை இல்லை. முடி வெட்டுகிற வேலைக்கு இன்சீனிலிருந்து, ஊரைச் சுற்றி ஓடுகிற வட்ட ரயிலில் வருவாள் ரோஸ், நூர் பீவியின் முப்பது வருடக் கூட்டாளி, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவப் பெண். அவளுக்கு இந்த விஷயத்தில் ஒரே பேச்சுதான்.

"நான் சொல்றேன்னு கோவிச்சுக்காத பீவிக்கா. எதிர்ல நிக்கறவ சிரிக்கிறாளா மொறைக்கிறாளான்னு தெரிய வேணாமா? அந்த ஊரு சட்டம் ஒண்ணும் தப்பில்ல. பொம்பளையை மூட்டை கட்டி வச்சா நல்லாவா இருக்கு?"

"ஓஹோ! ஒங்க கான்வென்ட்ல சிஸ்டருங்க மூடிக்கிட்டா புனிதம், என் மக மூடிக்கிட்டா மூட்டையா?"

"அவங்க தலையை மூடறாங்க, மூஞ்சியை இல்லியே."

"அளந்து பாத்தியா, எது வரைக்கும் மூடினா சாமி ஒத்துக்குதுன்னு?"

ரோஸிடம் இப்படிப் பொரிந்தவள், கொழுந்தன் தஸ்தகீர் வந்தால் கட்சி மாறிவிடுவாள். தஸ்தகீர் பள்ளிவாசல் கமிட்டியில் இருப்பவர். வாசல் நாற்காலியோடு சரி, திரையைத் தாண்ட மாட்டார். "அது அவளுக்கும் அல்லாவுக்கும் நடுவுல உள்ளது மதினி, சட்டத்துக்கு அங்க என்னா வேலை? நம்ம குடும்பத்துக்கே பெருமை" என்பார்.

"பெருமையா? அப்ப ஒங்க பொஞ்சாதியையும் போடச் சொல்லுங்களேன், பாப்போம். நாளைக்கு மீன் மார்க்கெட்டுக்கு நிகாப் போட்டுக்கிட்டு வரட்டும்."

தஸ்தகீர் தொண்டையைச் செருமிக்கொண்டு தேத்தண்ணி கேட்பார். இரண்டு பக்கத்துக்கும் மகள் ஒரு வாதமாகப் போய்விட்டாளே என்பதுதான் நூர் பீவியின் எரிச்சல். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

போன வருடம் மிஸ்பா ஒரு படிப்பில் சேர்ந்தாள். வயதானவர்களைக் கவனித்துக்கொள்கிற வேலைக்கான படிப்பு. வாத்தியாரம்மா நல்லவள், வகுப்பில் அவளை நிகாபோடு உட்கார விட்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் அந்த நாட்டில் பேச்சு கிளம்பியது: பள்ளிக்கூடம், கல்லூரி வகுப்புகளுக்கும் அந்தத் தடையை நீட்ட வேண்டும் என்று. டிவிக்காரர்கள் மைக்கைத் தூக்கிக்கொண்டு நிகாப் போட்ட பெண்களைத் தேடினார்கள். மிஸ்பா பேச ஒத்துக்கொண்டாள். வெளிப்பெயரைச் சொல்லாதே என்று ஆபித் கெஞ்சியதால், மிஸ்பா என்று மட்டும் போடச் சொன்னாள். கண்கள் மட்டும் தெரிய, அந்த ஊர் பாஷையில், தட்டுத்தடுமாறிப் பேசினாள். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, எனக்குப் படிக்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள்.

அந்தத் துண்டு வீடியோ எப்படியோ பர்மாக்காரர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. இங்கே பேஸ்புக்கைத் தடை செய்து வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் விபிஎன் போட்டுப் பார்க்காத வீடு எது? யாரோ ஒருவன் அதற்குக் கீழே பர்மா எழுத்தில் மொழிபெயர்ப்பு போட்டிருந்தான். இந்த முக்காடு சங்கதிக்கு இங்கே ஏற்கெனவே பழைய வெறுப்பு உண்டு. எண்ணெய் ஊற்றினால் எரியத்தானே செய்யும்?

ரோஸ்தான் போனைக் கொண்டுவந்து காட்டினாள். "பீவிக்கா, இது நம்ம பாப்பா கண்ணுதானே?"

நூர் பீவிக்குக் கண் போதும். புருவம் போதும். பார்த்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது. தன் மகள் டிவியில்! அப்புறம் கீழே எழுதியிருந்ததை வாசித்தாள். வாசித்திருக்கக் கூடாது. "கலாமா" என்று ஒருவன் ஆரம்பித்திருந்தான். இந்திய வம்சத்துப் பெண்ணை இந்த ஊரில் இளப்பமாகச் சொல்லும் சொல் அது. மூக்கு இருக்காது, அதனால்தான் மூடியிருக்கிறாள் என்றான் இன்னொருவன். புருஷன் ஆசிட் ஊற்றியிருப்பான் என்றாள் ஒரு பெண், பெண்! மூஞ்சியைப் பார்த்தால் பன்றிகூடச் சாப்பிடாது என்று எழுதி, அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வைத்திருந்தார்கள்.

"பேசாம இரு பீவிக்கா. ஊர் வாயை மூட ஒலைமூடி உண்டா?" என்றாள் ரோஸ்.

பேசாமல் இருக்கவா நூர் பீவி பிறந்தாள்? நாற்பது வருடமாக முகங்களைப் பார்த்தவள். இந்த ரங்கூனில் அந்த முகத்துக்கு ஈடு இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதைப் போய் மூக்கில்லாத முகம் என்றால்? ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. ரோஸ் தண்ணீர் குடிக்கப் போன இடைவெளியில், சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைப் போனில் எடுத்தாள். கடைப் பெயரில் இருந்த பக்கத்திலிருந்தே, அந்த வீடியோவுக்குக் கீழே அதைப் போட்டாள். பர்மாவில் எழுதினாள்: "இதுதான் என் மகள். ரங்கூன் பிள்ளை. கண் இருக்கிறவர்கள் நல்லா பாருங்கள். யாருக்கும் பயந்து மூடவில்லை, அவள் இஷ்டம்."

கோபத்திலும் அவள் ஒரு முன்யோசனை வைத்திருந்தாள். மகளின் நிஜப் பெயர் கெட்ட வாய்களில் புரளக் கூடாது என்று, மிஸ்பா என்று எழுதவில்லை. "சூ சூ வின்" என்று எழுதினாள். அது வெளியாருக்கான பெயர். வெளியார் வைத்துக்கொள்ளட்டும், அவர்கள் அதை என்ன செய்தாலும் உள்ளே இருக்கிறவள்மேல் படாது. அவளுடைய வாப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார், அலோனில் அத்தனை பேரும் அப்படித்தான் நினைத்தார்கள். போட்டுவிட்டுத் தாய் மனசு குளிர்ந்து போனாள். "இப்ப சொல்லுங்கடா" என்று போனைப் பார்த்தே சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் ஆபித் கூப்பிட்டான். வெள்ளிக்கிழமை இல்லை. ஆபித் ஒருநாளும் அவனாகக் கூப்பிட்டதும் இல்லை.

"மாமி, அந்தப் படத்தை எடுங்க. இப்பவே எடுங்க."

"என்னா மாப்புள, என்னாச்சு?"

"எடுங்க மாமி, அப்புறம் சொல்றேன்."

"நான் மிஸ்பான்னு போடலியே! சூ சூ வின்னுன்னுதானே போட்டேன்? அங்க யாருக்குத் தெரியப் போவுது?"

 கோபப்படத் தெரியாத அந்தப் பிள்ளை மெதுவாகச் சொன்னான்: "மாமி, இங்க மிஸ்பான்னா யாருக்கு மாமி தெரியும்? பாஸ்போர்ட்டுல சூ சூ வின். காலேஜ் அட்டையில சூ சூ வின். எங்க வீட்டு வாசல் மணியிலயே அந்தப் பேருதான் ஒட்டியிருக்கு."

 ரங்கூனிலிருந்து விமானம் ஏறியபோது மகள் எதைத் தூக்கிக்கொண்டு போனாள் என்று நூர் பீவி யோசித்துப் பார்த்ததே இல்லை. வெளிப்பெயர் மட்டும்தான் விமானம் ஏறியிருக்கிறது. உள்பெயர், கல்யாணத்துக்கு ஓதிய பெயர், எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. டிவியில் மகள் மறைப்புக்காகச் சொன்னதுதான் நிஜப் பெயர். தாய் மறைப்பு என்று நினைத்து எழுதியதுதான் மகளின் வாசற்கதவு.

அந்த ஊரிலும் பர்மாக்காரர்கள் கொஞ்சம் பேர் உண்டு. சூ சூ வின்னோடு பாஷை வகுப்பில் உட்கார்ந்த எவனோ பெயரைப் பார்த்திருக்கிறான். படத்தையும் பெயரையும் கல்லூரியின் பெயரையும் அந்த ஊர்க்காரர்கள் இந்தச் சட்டத்தை வைத்து இணையத்தில் சண்டை போடுகிற இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டான். அவனுக்கு என்ன லாபம் என்று கேட்டால் ஒன்றும் இல்லை.

படத்தை எடுக்கலாம் என்றால் விபிஎன் சுற்றிக்கொண்டே இருந்தது. அன்றைக்குப் பார்த்துத்தான் கரண்ட் போனது; கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடும். நூர் பீவி செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். ஜெனரேட்டர் ஓடுகிற தேத்தண்ணிக் கடை தேடி, போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு சூலே பக்கம் ஓடினாள். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் ஒரு கடையில் லைன் கிடைத்தது. அங்கிருந்த பர்மாப் பெண் ஒருத்தி கைகொடுக்க, படம் போனது. போய் என்ன? சிந்தின தண்ணீரை எந்தக் குடத்தில் அள்ளுவது? அதற்குள் அது நூறு பேர் கைக்குப் போய்விட்டது.

அடுத்து நடந்தவற்றை ஆபித் துண்டு துண்டாகச் சொன்னான். சட்டத்தின் பக்கம் நிற்கிறவர்கள், "பாருங்கள், இவ்வளவு அழகான பெண்ணைப் போட்டு அடைத்திருக்கிறார்கள்" என்று படத்தைப் பரப்பினார்கள். நிகாப் பக்கம் நிற்கிறவர்கள், "உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு ஊருக்குக் காட்டினவளா நமக்காகப் பேசுவது?" என்று அதே படத்தைப் பரப்பினார்கள். அடியம்மா, அதில் மட்டும் இரண்டு பக்கமும் எவ்வளவு ஒற்றுமை! ஒருநாள் காலையில் மிஸ்பா வீட்டுக் கீழ்வாசலில், பெயர் ஒட்டியிருந்த மணிக்கு நேர் மேலே, அந்தப் படத்தை அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். கண்கள் இருக்கும் இடத்தை மட்டும் கத்திரித்து எடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து அவள் வகுப்புக்குப் போகவில்லை. வாத்தியாரம்மா இரண்டு தடவை வீட்டுக்கே வந்து பார்த்தாள். கதவைத் திறக்கவில்லை.

"சட்டம் வர்றதுக்கு முன்னாடியே படிப்பு போச்சு மாமி" என்றான் ஆபித். அவன் குத்திக் காட்டவில்லை. ஆனாலும் குத்தியது.

தஸ்தகீர் வந்தார். வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து, பெருமை என்று சொன்ன அதே வாயால், "பர்தா போட்ட பொண்ணோட மொகத்தை பெத்தவளே ஊருக்குக் காட்டிட்டீங்களே மதினி, நான் கமிட்டியில எப்படித் தலை நிமுந்து நடப்பேன்?" என்றார்.  அவர் தேத்தண்ணிகூடக் கேட்காமல் எழுந்து போனார். ரோஸ் அழுதாள். "நான்தான் போனைக் காட்டினேன், என் கையில கட்டி மொளைக்க" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சட்டம் சரிதான் என்று வாதாடியவள், அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை போனது. போன் வரவில்லை. அடுத்த வெள்ளி, அதற்கடுத்த வெள்ளி. நூர் பீவி அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டுப் போனைப் பாயின் மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சுவரிலிருந்து படத்தைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் சொருகிவிட்டாள். படம் இருந்த இடத்தில் சுவர் சதுரமாக வெளுத்துக் கிடந்தது. வந்த கல்யாணப் பெண்கள், "அந்தப் போட்டோ எங்க ஆன்ட்டி?" என்று கேட்பார்கள். பல்லில் நூல் இருப்பதால் பதில் சொல்ல வேண்டாம். இப்போது அது கஷ்டமாக இல்லை.

மழைக்காலம் முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை, போன் அடித்தது. மிஸ்பாவேதான். நூர் பீவி அதை எடுக்கிற பதற்றத்தில் நூல்கண்டைத் தட்டிவிட்டாள். அது கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது.

போன் திரையில் வெளிச்சம் வந்தது. சமையலறை, ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிற வானம். நடுவில் மிஸ்பா. கறுப்பு நிகாப். கண்கள் மட்டும்.

"எங்கயாச்சும் வெளிய கெளம்பிட்டியாம்மா?" என்று கேட்டாள் நூர் பீவி.

"இல்லம்மா. வீட்லதான் இருக்கேன். நான் எங்கயும் போறதில்ல."

"யாராச்சும் வந்திருக்காங்களா? ஆம்பிளைங்க?"

"யாரும் இல்லம்மா. அவரு வேலைக்குப் போயிருக்காரு."

"பொறகு ஏன்டி..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். மகளின் கண்கள் தன்னைப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தாள். அவை தாயின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தன. போனைப் பிடித்திருக்கிற கையை.

"உம்மா, தப்பா நெனைக்காதீங்க" என்றாள் மிஸ்பா.  "நீங்க வேணும்னு செய்யலன்னு எனக்குத் தெரியும். கோவம்கூட இல்லம்மா. ஆனா ஒங்க போன்ல என் மூஞ்சி தெரிஞ்சா எனக்குக் கை கால் ஒதறுது. என்னால முடியல."

"நான் எடுக்க மாட்டேன்டி! அல்லா மேல ஆணையா எடுக்க மாட்டேன். போனைக் கீழ வச்சுட்டுப் பேசறேன். இந்தா பாரு, தலைகாணியில சாச்சு வச்சுட்டேன், ரெண்டு கையையும் பாரு." நூர் பீவி இரண்டு கைகளையும் தூக்கி விரித்துக் காட்டினாள். நூல் இழுத்து இழுத்துக் காய்த்துப்போன விரல்கள். சோதனைச் சாவடியில் துப்பாக்கிக்காரன் முன்னால் நிற்கிறவளைப்போல நின்றாள்.

மிஸ்பாவின் கண் நிறைந்து, வழிந்து, துணிக்குள் இறங்கியது. கண்ணுக்கு மேலே புருவம் கன்னாபின்னாவென்று வளர்ந்து, நடுவில் ஒன்றோடொன்று சேரப் பார்த்தது. மாதக்கணக்கில் யாரும் நூல் போடவில்லை. அந்தப் புருவம் ஒன்றுதான் தாய்க்குப் பார்க்கக் கிடைத்தது.

நூர் பீவி பாயில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஒரு விரலை நீட்டி, போனின் கண்ணாடியில், தாடை இருக்க வேண்டிய இடத்தில் வைத்தாள்.

"முகத்தைத் தா தாயி" என்றாள்.

மிஸ்பா தலையை ஆட்டினாள், இல்லை என்று. பிறகு, "அடுப்புல பால் வச்சிருக்கேம்மா" என்றாள். போன் அணைந்தது.

அதன்பிறகும் வெள்ளிக்கிழமைகளில் மிஸ்பா கூப்பிடுகிறாள். தவறுவதில்லை. அரிசி என்ன விலை, கரண்ட் எப்போது வருகிறது, ரோஸ் அக்காவுக்கு முட்டிவலி எப்படி என்று கேட்கிறாள். குரல் மட்டும் வரும். படம் இல்லாமல்தான் கூப்பிடுவாள். தாயும் கேட்பதில்லை. பேசி முடித்ததும் கீழே யாராவது கயிற்றை இழுப்பார்கள். நூர் பீவி பால்கனிக்குப் போய்ச் சாவியை இறக்குவாள். வந்தவள் படியேறி, திரைக்கு அந்தப் பக்கம் போய், தானாகவே முக்காட்டை எடுத்துவிட்டு முகத்தை நிமிர்த்திக்கொண்டு உட்காருவாள்.

எடுக்கத் தயங்குகிறவர்கள் இப்போதும் வருகிறார்கள். நூர் பீவி யாருடைய தாடையிலும் விரல் வைப்பதில்லை. நூலைப் பல்லில் கடித்தபடி, அவர்களாக எடுக்கும்வரை பேசாமல் நின்றுகொண்டிருக்கிறாள்.